போர்நிறுத்தம் சரியும்போது தொண்டு அமைப்புகள் விடும் கூட்டு அறிக்கையால் ஏதாவது நடந்திருக்கிறதா?

தூக்கணாங்குருவி எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. ஒரு போர்நிறுத்தம் ஆட்டம் காண ஆரம்பித்தவுடன் அச்சில் வார்த்த மாதிரி ஒரு செய்தி வரும். இத்தனை தொண்டு அமைப்புகள் சேர்ந்து உலகத் தலைவர்களுக்கு வேண்டுகோள், உடனே தலையிடுங்கள், இல்லையென்றால் பேரழிவு என்று.

காசாவில் இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் நடுவே 2025 ஜனவரி 19-ல் தொடங்கியதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் 42 நாள், 33 பணயக்கைதிகள் விடுதலை, நாளொன்றுக்கு 600 லாரி சரக்கு என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் கட்டப் பேச்சு 16-ம் நாளே ஆரம்பித்திருக்க வேண்டும், உருப்படியாக ஆரம்பிக்கவே இல்லை. மார்ச் 2-ல் இஸ்ரேல் சரக்கு எதுவும் உள்ளே போகாமல் வாசலை அடைத்தது, 18-ம் தேதி விடிவதற்குள் குண்டு விழுந்தது, அந்த ஒரே நாளில் 400 பேருக்கு மேல் செத்ததாகக் காசா சுகாதார அமைச்சகம் சொன்னது. நடுவில் இருந்த இரண்டு வாரத்தில் வந்த அறிக்கைகள் சிலவற்றை நான் அப்போதே படித்தேன். என்ன நடக்கும் என்று சொன்னார்களோ அதுதான் நடந்தது. சரியாகச் சொல்லி என்ன ஆகிவிட்டது? அப்புறம் அக்டோபர் 10-ல் இன்னொரு போர்நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை, அறிக்கைகளும் நிற்கவில்லை.

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறார்கள், வாங்கிப் படிப்பவர் யார்? ஒரே ஒரு தடவையாவது கடிதம் பார்த்துத் துப்பாக்கி நின்றதுண்டா?

—

நட்டுவாக்காலி எழுதியது:

இல்லை. கேள்வி முடிந்தது. :)

சரி, சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. சிரியா 2016 பாருங்கள். பிப்ரவரி 27-ல் சண்டை நிறுத்தம், அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து கொண்டுவந்தது, பாதுகாப்பு சபையின் ஆதரவும் இருந்தது, இதைவிடப் பெரிய உலகத் தலைவர்கள் யாரும் கிடையாது. ஏப்ரல் கடைசியில் அலெப்போவில் அல்-குத்ஸ் மருத்துவமனை மேல் குண்டு, ஐம்பது பேருக்கு மேல் சாவு, அந்த ஊரில் மிச்சமிருந்த ஒரு சில குழந்தை மருத்துவர்களில் ஒருவரும் அதில் போனார். மே 3-ம் தேதி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் தலைவரும் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவரும் நேரிலேயே போய்ப் பாதுகாப்பு சபையில் உட்கார்ந்து, மருத்துவமனைகளை அடிப்பதை நிறுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே பேசினார்கள். கடிதம்கூட இல்லை, முகத்துக்கு நேரே! தீர்மானம் 2286 அன்றைக்கே ஒருமனதாக நிறைவேறியது. அதே நாளில் அலெப்போவின் மறுபக்கம், அரசின் கையிலிருந்த பகுதியில், ஒரு பிரசவ மருத்துவமனை மேல் ராக்கெட் விழுந்தது.

செப்டம்பரில் இன்னொரு நிறுத்தம். அது ஒரு வாரம் வந்தது. துருக்கி எல்லையில் சரக்கு ஏற்றிய லாரிகள் நிற்கின்றன, டமாஸ்கஸில் இருக்கும் சிரிய அரசு அனுமதிக் கடிதம் தரவில்லை என்று ஐ.நா. தூதர் புலம்பிக்கொண்டிருந்தார். 17-ம் தேதி அமெரிக்கக் கூட்டணி விமானங்கள் தெய்ர் எஸ்ஸோர் பக்கத்தில் சிரிய ராணுவத்தினரைக் கொன்றன, தவறுதலாக என்றார்கள். 19-ம் தேதி நிறுத்தம் முடிந்தது என்று சிரிய ராணுவம் அறிவித்தது. அன்று ராத்திரியே அலெப்போவுக்கு மேற்கே ஊரம் அல்-குப்ராவில் 31 லாரி கொண்ட நிவாரண வரிசை அடிபட்டது. 78,000 பேருக்கான சாமான். கண்டன அறிக்கைக்கு அன்றும் பஞ்சமில்லை.

ஆயுதம் வைத்திருப்பவனுக்கு அறிக்கை ஒரு தாள், அவ்வளவுதான்.

—

பழைய பேனா எழுதியது:

நட்டுவாக்காலி சொன்ன தகவல்கள் சரி. "அவ்வளவுதான்" என்பதில் மட்டும் எனக்குத் தகராறு. ஓர் உதவி அமைப்பில் ஏழெட்டு வருடம் இந்த அறிக்கைகளை எழுதுகிற, திருத்துகிற, கையெழுத்துக்காக ஊர் ஊராகத் துரத்துகிற வேலையில் இருந்தவன் என்பதால் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் படிக்கிற அறிக்கை யாரோ ஒருவர் எழுதியது அல்ல. பதினைந்து இருபது அமைப்புகள் ஒரே கோப்பில் கை வைத்தது. ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு சின்ன ஊரின் பெயருக்காக மல்லுக்கட்டினோம். அந்த ஊரில் மருத்துவமனையே ஒன்றுதான். பெயரைப் போட்டால் தகவல் கொடுத்தது அங்கிருக்கும் எங்கள் ஆட்கள்தான் என்று சோதனைச் சாவடியில் நிற்பவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அங்கிருந்த சக ஊழியர் தொலைபேசியில் கத்தவில்லை, "நீங்கள் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள், நான் காலையில் அதே சாவடி வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னார். ஊர்ப் பெயர் போய் "வடபகுதியில் ஒரு மருத்துவ நிலையம்" ஆயிற்று. படிப்பவர்களுக்கு அது மழுப்பலாகத் தெரிந்திருக்கும், தெரியட்டும்.

வினைச்சொல்லுக்கும் இதே கதைதான். "தாக்கினார்கள்" என்று தொடங்கும், வரைவு மூன்றில் "தாக்கப்பட்டது" ஆகிவிடும். எங்கள் அறிக்கைகள் பிழைத்ததே செயப்பாட்டு வினையில்தான். இதைக் கோழைத்தனம் என்று திட்டுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2009 மார்ச் 4-ல் சூடான் அதிபர் பஷீர் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டதும் 13 வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளை அரசு நாட்டை விட்டே துரத்தியது. பிடியாணைக்குத் தகவல் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு. சூடானின் மேற்கே டார்ஃபரில், போரில் வீடிழந்தவர்களின் முகாம்களில் தண்ணீரும் மருத்துவமும் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வாயைத் திறந்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும், தண்டனை முகாமில் இருப்பவனுக்குத்தான் போய்ச் சேரும். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் இந்தக் கூட்டுக் கடிதங்களில் பொதுவாகக் கையெழுத்துப் போடாததற்கும் காரணம் இதுதான். அவர்கள் பேச்சு மூடிய கதவுக்குள். 2020 அக்டோபரில் ஏமனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை இரு பக்கமும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் விட முடிந்தது அந்த மௌனத்தால்தான். வெளியே கத்துபவர்களும் வேண்டும், உள்ளே முணுமுணுப்பவர்களும் வேண்டும், ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

இப்போது யாருக்கு எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். "உலகத் தலைவர்களே" என்று போட்டால் யாருக்கும் எழுதவில்லை என்று அர்த்தம். எல்லோருடைய கிணறும் தூர் வாராமல் கிடக்கிற மாதிரி. அப்படிப்பட்டவற்றை நானும் எழுதியிருக்கிறேன், வெட்கம்தான். ஆனால் 2018 ஏமனைப் பாருங்கள். ஹூதி கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த ஹொதைதா துறைமுகத்தைப் பிடிக்க சவூதி, எமிரேட்ஸ் கூட்டணி ஜூனிலிருந்து முட்டுகிறது. ஏமனுக்குள் வருகிற உணவில் பெரும்பகுதி அந்தத் துறைமுகம் வழியாகத்தான். நவம்பர் கடைசியில் ஆக்ஸ்ஃபாம், கேர், சேவ் த சில்ட்ரன் உள்ளிட்ட ஐந்து அமைப்புகளின் அமெரிக்கத் தலைமைகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. அதில் உலகத் தலைவர்கள் கிடையாது, அமெரிக்கா மட்டும். ராணுவ ஆதரவை நிறுத்தாவிட்டால் வரப்போகும் பஞ்சத்தில் உனக்கும் பொறுப்பு உண்டு என்று நேராக. டிசம்பர் 13-ல் அமெரிக்க செனட் அந்த ஆதரவை நிறுத்தச் சொல்லி 56-க்கு 41 என்று வாக்களித்தது. அதே நாளில் ஸ்வீடனில் ஹொதைதாவுக்கான போர்நிறுத்தத்தில் இரு தரப்பும் கை குலுக்கின.

கடிதத்தால்தான் நடந்தது என்று சொன்னால் பொய். அக்டோபரில் சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜியின் கொலை நடக்காமல் இருந்தால் செனட்டில் அத்தனை கோபம் இருந்திருக்காது, போர் விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்பிக் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியதும் கடிதத்துக்கு முன்பே. ஆனால் கோபம் வந்தவன் "சரி, என்ன செய்யட்டும்" என்று கேட்டபோது மேசை மேல் பதில் தயாராக இருந்தது. துறைமுகத்தின் பெயர், அதை நம்பியிருக்கும் கோடிக்கணக்கான வயிறு, எந்த உதவியை நிறுத்த வேண்டும், எல்லாம். கடிதத்தின் வேலை அதுதான் என்பது என் கருத்து.

—

கடலோரக்காகம் எழுதியது:

பழைய பேனா அண்ணைக்கு வணக்கம். எங்களுடைய கதையையும் இதில் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

இலங்கையில் அரசுக்கும் புலிகளுக்கும் 2002 பெப்ரவரி 22-ல் போர்நிறுத்த ஒப்பந்தம். நோர்வே நடுவில். எங்களுக்கு அது காகிதமாகத் தெரியவில்லை, யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியாகத்தான் தெரிந்தது. பாதை திறந்ததுதான் சமாதானம். 2006 ஓகஸ்ட் 11-ல் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில்தான். அப்போது வீட்டில் ஒருவரும் "சண்டை மறுபடி தொடங்கிவிட்டதா" என்று கேட்கவில்லை, "கப்பல் வந்ததா" என்றுதான் கேட்டார்கள். சீனிக்கும் பால்மாவுக்கும் அட்டையோடு வரிசையில் நின்ற எனக்கு ஒப்பந்தம் செத்தது அந்த வரிசையில்தான் தெரிந்தது. பேப்பரில் பார்த்தால் அது உயிரோடு இருந்தது.

அந்த ஓகஸ்டில்தான் மூதூரில் அக்சன் பாம் என்கிற பிரெஞ்சுத் தொண்டு அமைப்பின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததால் ஒன்றிய நாட்டுப் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் போக வேண்டும் என்று புலிகள் நின்றார்கள், சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் செப்டெம்பரோடு போக, நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிச்சம். ஒக்டோபரில் ஜெனீவாவில் பேசப் போனார்கள். பாதையைத் திற என்று புலிகள், முடியாது என்று அரசு, அந்த வீதியிலேயே பேச்சு நின்றுபோனது. சமாதான முயற்சிக்கு இணைத் தலைமை நாடுகள் என்று நான்கு பெரிய ஆட்கள் இருந்தார்கள், அமெரிக்கா, ஜப்பான், நோர்வே, ஐரோப்பிய ஒன்றியம். அறிக்கை விட்டார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அரசு அறிவித்து அது சட்டப்படி முடிந்தது 2008 ஜனவரி 16-ல். ஒன்றரை வருடம் பிணத்துக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் "போர்நிறுத்தத்தைக் காப்பாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதினால் நான் முதலில் கேட்பது, எதைக் காப்பாற்ற? ஒப்பந்தத்தையா, வீதியையா?

—

தூக்கணாங்குருவி எழுதியது:

கடலோரக்காகம், இந்தக் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நன்றி. நான் தேதியை வைத்தே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன், மார்ச் 18-ல் முடிந்தது என்று. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அது மார்ச் 2-லேயே, வாசலை அடைத்த அன்றே போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக, ஒப்பந்தம் முடிந்தும் நிறுத்தம் பிழைத்த கதை எங்காவது உண்டா?

—

பழைய பேனா எழுதியது:

உண்டு, மறுபடியும் ஏமன். 2022 ஏப்ரல் 2-ல் இரண்டு மாத நிறுத்தம். அதில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதுதான் முக்கியம்: ஹொதைதாவுக்கு 18 எரிபொருள் கப்பல், ஹூதிகள் கையிலிருந்த தலைநகர் சனாவின் விமான நிலையத்திலிருந்து வாரம் இரண்டு விமானம், அம்மானுக்கும் கெய்ரோவுக்கும், முற்றுகையில் கிடந்த தாயிஸ் நகரத்துச் சாலைகளைத் திறக்கப் பேச்சு. எண்ணிப் பார்க்கக்கூடிய சமாதானம். முதல் விமானம் ஏப்ரல் 24-ல் கிளம்பியிருக்க வேண்டும், ஹூதிகள் கொடுத்த பாஸ்போர்ட் செல்லுமா செல்லாதா என்ற சண்டையில் நின்றுவிட்டது. மூன்று வாரம். பயணிகளில் நிறையப் பேர் வெளிநாட்டில் மருத்துவம் பார்க்கக் காத்திருந்த நோயாளிகள். கடைசியில் மே 16-ல் பறந்தது, ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து சனாவிலிருந்து முதல் பயணிகள் விமானம்.

இரண்டு தடவை நீட்டித்தார்கள். அக்டோபர் 2-ல் மூன்றாவது நீட்டிப்பு நடக்கவில்லை, அரசு ஊழியர் சம்பளம் யார் கொடுப்பது, யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் முட்டிக்கொண்டது. அந்தச் சமயத்தில் எல்லா அமைப்புகளும் நீட்டியுங்கள் என்று கெஞ்சினோம், யாரும் கேட்கவில்லை, கையெழுத்து காலாவதி ஆனது. ஆனால் பெரிய அளவில் சண்டை திரும்பவில்லை. அதே மாதம் ஹூதிகள் எண்ணெய்த் துறைமுகத்தின் மேல் ட்ரோன் விட்டார்கள்தான், கண்ணிவெடியில் கால் போவதும் நிற்கவில்லைதான், இருந்தாலும் விமானம் பறந்தது, கப்பல் வந்தது. கடலோரக்காகம் ஊரில் சண்டை வந்த பிறகும் காகிதம் இருந்தது, இங்கே காகிதம் போன பிறகும் அமைதி இருந்தது, குறைப்பட்ட அமைதிதான் என்றாலும்.

—

நட்டுவாக்காலி எழுதியது:

அது அறிக்கையால் பிழைக்கவில்லையே பேனா ஐயா. இரண்டு பக்கமும் களைத்துப் போயிருந்தது, சவூதிக்கு வெளியேற வழி தேவைப்பட்டது. நீங்களே சொல்கிறீர்கள் கெஞ்சினோம், யாரும் கேட்கவில்லை என்று. அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?

—

பழைய பேனா எழுதியது:

நியாயமான கேள்வி. களைப்புதான் நிறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களைத்தவன் உட்காருவதற்கு ஒரு திண்ணை வேண்டும். 18 கப்பல், வாரம் இரண்டு விமானம் என்று ஒப்பந்தத்தில் ஏறியதெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை, துறைமுகத்தையும் சனா விமான நிலையத்தையும் திறக்கச் சொல்லி வருடக்கணக்காக அமைப்புகள் எழுதித் தள்ளிய அதே சலிப்பூட்டும் அறிக்கைகளில் இருந்த விஷயங்கள்தான் அவை. எழுதிய நாளில் யாரும் மதிக்கவில்லை.

எழுதாமல் விட்டதால் நன்மை நடந்த ஊர் ஒன்று காட்டினால் நான் பேனாவை மூடிவிடுகிறேன். :)

—

தூக்கணாங்குருவி எழுதியது:

இரண்டு பேரும் சமாதானம் ஆகுங்கள், இங்கே கண்காணிப்புக் குழு கிடையாது.

கடைசியாக ஒன்று. என்னைப் போன்ற சாதாரண வாசகன், செய்தியில் "600 லாரி போகிறது" என்று ஒருவர் சொல்ல "பாதிகூட இல்லை" என்று இன்னொருவர் சொல்லும்போது எதை நம்புவது?

—

பழைய பேனா எழுதியது:

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், அதுதான் தலைவலி. இஸ்ரேலிலிருந்து காசாவுக்குள் போகிற கெரம் ஷாலோம் மாதிரி வாசலில் ஒரு லாரி நேராக உள்ளே ஓடாது. வந்த லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், உள்பக்கம் வேறு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சோதனைக்காக வருகிற லாரி பல சமயம் பாதி நிரம்பியதாகத்தான் வரும், உள்ளே எடுத்துப் போகிற லாரி முழுசாக ஏற்றும். ஆக வாசலில் எண்ணினால் ஒரு கணக்கு, உள்ளே எண்ணினால் வேறு கணக்கு. போதாததற்கு இஸ்ரேல் சொல்லும் எண்ணில் வியாபாரிகளின் லாரியும் சேரும், ஐ.நா. சொல்லும் எண்ணில் நிவாரணச் சரக்கு மட்டும்.

காசாவுக்கு நிவாரணம் போவது பற்றிய பாதுகாப்பு சபைத் தீர்மானம் 2720-ஐ ஒட்டி ஐ.நா. ஓர் இணையப் பலகை வைத்திருக்கிறது. அதில் எவ்வளவு இறக்கினார்கள், எவ்வளவு அங்கிருந்து எடுத்தார்கள், எவ்வளவு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது, வழியில் எவ்வளவு பறிபோனது என்று தனித்தனியாக இருக்கும். நான் மொத்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. இறக்கியதற்கும் எடுத்ததற்கும் உள்ள இடைவெளி வாரா வாரம் கூடுகிறதா என்று பார்ப்பேன். கூடினால் அனுமதி கிடைக்கவில்லை அல்லது பாதை பாதுகாப்பாக இல்லை. பறிபோனது கூடினால் பசி முற்றிவிட்டது.

—

கடலோரக்காகம் எழுதியது:

அண்ணை, அது "கப்பல் வந்ததா" என்று கேட்பதுதான். வந்த கப்பலில் இருந்து இறக்கினார்களா என்பதும் கேள்வி. நாங்கள் காலையில் இரண்டையும் கேட்போம்.